ஞானத்தாயின் பாண்

அன்றைக்கு மேசையில் இருந்தவர்கள்:

நான். அடுப்படிப் பக்கத்துக் கதிரை என்னுடையது.

என் மனுசன். அவர் எப்போதும் சுவரோடு சாய்ந்துதான் இருப்பார்.

மகள். முப்பத்திரண்டு வயது. கலியாணம் முடிந்து ஆறு மாதம்.

மருமகன். அவளுக்குப் பக்கத்தில்.

எனக்கு நேர் எதிரே போர்த்துக்கேய அம்மா. எண்பத்து நாலு வயது. ஒரு காலத்தில் நாங்கள் குடியிருந்த பேஸ்மென்றின் வீட்டுக்காரி.

ஐந்து பேர். நடுவில் ஒரு பாண். ஈஸ்ரர் பாண். இனிப்பு மாவுக்குள் அவித்த முட்டையைக் கோதோடு புதைத்து, அதன்மேல் மாவால் சிலுவை போட்டது. அவர்கள் அதை ஃபோலார் என்பார்கள். இப்போது நாங்கள் இருக்கிற மில்லிக்கன் வீட்டு அவணில் அதைச் சுட்டது நான். நாங்கள் முருகன் கோயிலுக்குப் போகிற ஆட்கள். எங்களுக்கும் ஈஸ்ரருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பொறாமையில் சுட்டேன். அதற்கு வேறு சொல் எனக்குத் தெரியாது.

கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் மனுசனின் தமையன் வீட்டில் இருந்தோம். ஒரு அறை வீடு. ஒன்பது பேர். பிறகு நகரத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளம், பேஸ்மென்ற், கிடைத்தது. அந்தத் தெரு முழுக்கப் போர்த்துக்கேயர். மகளுக்கு அப்போது நாலு வயது.

மனுசன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். எனக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவது. லைனில் நின்று ஒரு தட்டுக்கு ஒரு பட்டர், ஒரு பிஸ்கற், ஒரு கரண்டிப் பை. எண்ணி வைத்து எண்ணி விடவேண்டும். இன்றைக்கும் அதே வேலைதான். இப்போது எதைக் கண்டாலும் எண்ணுவேன். படிக்கட்டு, ஜன்னல், ஆட்கள், எல்லாம்.

பிள்ளையை எங்கே விடுவது என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா மேலேயிருந்து இறங்கி வந்தார். கறுப்புச் சட்டை. புருசன் செத்து ஒரு வருடம். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் வேலைக்கு மேற்கு மாகாணத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளையைக் காட்டினார். தன் நெஞ்சைக் காட்டினார். மேல் மாடியைக் காட்டினார். எனக்கு அப்போது ஆங்கிலம் இல்லை. அவருக்கும் பெரிதாக இல்லை. ஆனாலும் விளங்கியது.

அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்குப் போயிருக்க முடியாது. நன்றி இல்லை என்று ஒருவரும் சொல்லக்கூடாது. நன்றி ஒரு பக்கம் இருந்தது. மற்றது மற்றப் பக்கம் இருந்தது.

முதலில் பின்னலில் தொடங்கியது.

காலையில் நான் மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னி, றிபன் கட்டி, மேலே அனுப்புவேன். பின்னேரம் ஆறு மணிக்கு வந்து பார்த்தால் ஒற்றைப் பின்னல். தலையைச் சுற்றிக் கிரீடம் மாதிரி வளைத்துக் கிளிப் குத்தியிருக்கும். வடிவாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றமுன்னம் பிள்ளையைப் பிடித்து முன்னால் இருத்தி, அதை அவிழ்த்துவிட்டு என் பின்னலைப் பின்னுவேன். படுக்கப் போகிற பிள்ளைக்கு எதற்குப் பின்னல் என்று மனுசன் கேட்பார். நான் றிபனை இறுக்கிக் கட்டுவேன். அடுத்த நாள் பின்னேரம் மறுபடி ஒற்றைப் பின்னல் இருக்கும். மேலே அந்த அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. கிழமைக்கு ஐந்து நாள் அவிழ்த்தேன். ஒரு வருடத்துக்கு மேல் அவிழ்த்தேன்.

பிறகு பாசை. பிள்ளை மேலே போனால் அவர்களின் பாசையில் சிரிப்பாள். கீழே எனக்குக் கேட்கும். என்ன பகிடி என்று தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். என் மடியில்தான் கிடந்தாள். கண்ணைத் திறக்காமல் ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டாள். மேலே கேட்டிருக்கவேண்டும். அவர் ஒரு கிளாஸ் தண்ணீரோடு படி இறங்கி வந்தார்.

என் மடியில் கிடந்த பிள்ளை தண்ணீர் கேட்கிறாள். எனக்கு விளங்கவில்லை. இதைவிட அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வருடம் பனி கரையத் தொடங்கிய நேரம். ஒரு சனிக்கிழமை அவர் வந்து, நாளைக்குப் பிள்ளை பூக் கொண்டு மேலே வரட்டும் என்று கையாலும் வாயாலும் சொன்னார். சாமிப் படத்துக்கு என்று நான் நினைத்தேன். எங்கள் ஆட்கள் பூக் கேட்டால் அதற்குத்தானே கேட்பார்கள். கடைக்குப் போய் நல்ல பூவாகத் தேடினேன். மஞ்சள் செவ்வந்தி இருந்தது. சாமிக்கு அதைவிட என்ன பூ வேண்டும்? பிள்ளையைத் தோய வார்த்து, புதுச் சட்டை போட்டு, பொட்டு வைத்து, பூவைக் கையில் கொடுத்து, நானே படி ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன்.

அவர் கதவைத் திறந்தார். பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பப் பூவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். உள்ளே மாதா படமும் இருந்தது, புருசனின் படமும் இருந்தது. பூவைப் புருசனின் படத்துக்கு முன்னால் வைத்தார். சரி, அவரவர் வழக்கம் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிறு பிள்ளை ஒரு பாணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கி வந்தாள். சுடச்சுட இருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. நடுவில் முட்டை. எனக்குக் கறுவாப்பட்டை மணம் வந்தது. அதோடு பெருஞ்சீரகம். எனக்கு அது விளங்கவேயில்லை. பெருஞ்சீரகம் இறைச்சிக் கறிக்குப் போடுகிறது. இவர் அதை இனிப்புக்குள் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேயர் தீவுகளில் இருந்து வந்தவர்கள். அவர்கள் தருகிற பாணில் அந்த மணம் இருக்காது. இது அவரது ஊர்ப் பாண். எங்கேயோ மலைப் பக்கத்து ஊர்.

லைனில் எனக்குப் பக்கத்தில் நின்றவள் மன்னாரைச் சேர்ந்த வேதக்காரப் பிள்ளை. தொழிற்சாலையில் வேலைசெய்த போர்த்துக்கேயப் பெண்களும் அவளும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். இப்படி ஒரு பாண் தந்தார் என்று அவளிடம் சொன்னேன். அவள் போய் அவர்களிடம் விசாரித்துவிட்டு வந்தாள். தட்டுகளை அடுக்கியபடி சொன்னாள்.

"அது ஞானத்தாய் குடுக்கிற பாண் அக்கா. குருத்தோலை ஞாயிறு பிள்ளை பூக் கொண்டு போகோணும். ஈஸ்ரருக்கு ஞானத்தாய் பாண் குடுப்பா. நீங்கள் பூக் குடுத்தனீங்களோ?"

ஓம் என்றேன்.

"அப்ப பிள்ளையைக் குடுத்திட்டியள்."

சிரித்தாள். பிறகு, என்ன பூ என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பூவை அந்த ஆட்கள் சவக்காலைக்குத்தான் கொண்டுபோவார்களாம். ஒரு தட்டுக்கு இரண்டு பட்டர் வைத்துவிட்டேன். சுப்பர்வைசர் லைனை நிற்பாட்டினார்.

ஞானஸ்நானம் இல்லை, கோயில் இல்லை, ஐயர் இல்லை, பாதிரியார் இல்லை. ஆனால் மகளுக்கு ஒரு ஞானத்தாய் வந்துவிட்டார். ஊரில் அவரது ஞானப்பிள்ளைகள் எல்லாரும் கலியாணம் முடித்துவிட்டார்களாம். பாண் கொடுக்க ஆள் இல்லாமல் இருந்திருக்கிறார். நான் என் கையால் பூக் கொடுத்து, என் காலால் படி ஏற்றிக் கொண்டுபோய் விட்டேன். யாரில் குறை சொல்வது?

மனுசனிடம் சொன்னேன். "பாண்தானேயப்பா. விடும்," என்றார்.

விட்டிருக்கலாம். ஆனால் அது ஒரு வருடத்தோடு நிற்கவில்லை.

மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அந்த வீட்டை விட்டு நகரத்தின் கிழக்குப் பக்கம், வோபர்னுக்கு வந்தோம். அப்பார்ட்மென்ற். தூரம் என்றபடியால் இனி விட்டுப்போகும் என்று நினைத்தேன். விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு குருத்தோலை ஞாயிறும் மனுசன் பஸ்சும் சப்வேயுமாக அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறும் போனார். வளர்ந்த பிறகு அவள் தனியாகப் போனாள். கார் எடுத்த பிறகு காரில் போனாள். பூ மட்டும் மாறவில்லை. பன்னிரண்டு வயதில் அவளுக்கே தெரிந்துவிட்டது. அது செத்த ஆட்களுக்கு வைக்கிற பூ, இந்த முறை ரியூலிப் வாங்கிக் கொண்டுபோகட்டுமா என்று போனில் அவரிடம் கேட்டாளாம். வேண்டாம், முதல் வருடம் வந்த பூதான் வேண்டும் என்று அவர் சொன்னாராம். பிழை விட்டது நான். அந்தப் பிழையையும் அவர்கள் இரண்டு பேரும் எடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு ஈஸ்ரரும் ஒரே மாதிரித்தான். மகள் கதவைத் திறந்துகொண்டு வருவாள். ஜக்கெற் கழற்றமாட்டாள். சமையலறையில் நின்றபடி துணியை அவிழ்ப்பாள். முட்டையைத் தோண்டித் தகப்பனுக்குக் கொடுப்பாள். கத்தி எடுத்து வெட்டி, நின்றபடியே சாப்பிடுவாள். மூன்று துண்டு. எல்லா வருடமும் மூன்று. நான் இடியப்பம் அவித்து வைத்தால் இரண்டோடு எழும்புகிற பிள்ளை.

எனக்கும் ஒரு துண்டு நீட்டுவாள். பிறகு சாப்பிடுகிறேன் என்பேன். சாப்பிட்டதில்லை.

அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது நானும் ஒரு முறை போனேன். அவர் தேத்தண்ணி தந்தார். கதையோடு கதையாகத் தன் மோதிர விரலைத் தொட்டுக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். மகளிடம் என்னவென்று கேட்டேன்.

"நான் மரி பண்ணும் வரைக்கும்தானாம் அம்மா. பிறகு நோ மோர் ஃபோலாராம்."

அந்தச் சொல்லை நான் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்தேன்.

மகளுக்கு இருபத்து மூன்று வயதானபோது சம்பந்தம் பார்க்கத் தொடங்கினேன். தரகரைப் பிடித்தேன். சாதகத்தைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பெட்டைக்கு இப்போது என்ன அவசரம் என்று சொந்தக்காரர் கேட்டார்கள். தாய்க்கு அந்தரம், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று அவர்களே பதிலும் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். தாய்க்குரிய அந்தரமும் இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஈஸ்ரரும் முடிய அடுத்த நாள்தான் நான் தரகருக்குப் போன் எடுப்பேன். அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அவள் ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை. எட்டு வருடம் போனது. எட்டுப் பாண் வந்தது. பிறகு ஒரு நாள் தானே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மனுசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். நான் உடனே சம்மதம் என்றேன். என்ன ஊர் என்று கேட்கவில்லை. மனுசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கலியாணம் இலையுதிர்ந்த நேரம் நடந்தது. போர்த்துக்கேய அம்மாவுக்குச் சீலை உடுத்திவிடச் சொல்லி மகள் என்னைத்தான் கேட்டாள். வேறு ஆள் இல்லையா என்றேன். நான் உடுத்தினால்தான் நிற்குமாம். அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் அவரை நான் கண்டதில்லை. அன்றைக்கு நீலம். தோள் எலும்பு துருத்திக்கொண்டு இருந்தது. பதினொரு ஊசி குத்தினேன். ஒன்றும் அவரில் படவில்லை. கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு என் கன்னத்தில் தட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

மேடையில் நாங்கள் அறுகரிசி போட்டு வாழ்த்தினோம். மகள் சிரித்துக்கொண்டு இருந்தாள். அவர் வந்து போட்டார். குனிந்து காதுக்குள் ஏதோ சொன்னார். மகள் அழுதாள். மணவறையில் அவள் அழுதது அந்த ஒரு தரம்தான். சாப்பாட்டு நேரம், அவ என்ன சொன்னவ என்று கேட்டேன்.

"ஃபோலார் முடிஞ்சுதாம்," என்றாள்.

அன்றைக்கு நான் இரண்டு தரம் பாயாசம் குடித்தேன்.

இந்த வருடம் குருத்தோலை ஞாயிறு வந்தது. மகள் இப்போது மருமகனோடு கொண்டோவில் இருக்கிறாள். பின்னேரம் போன் எடுத்தாள். பழக்கத்தில் செவ்வந்திச் சட்டி வாங்கிவிட்டாளாம். வரப்போகிறேன் என்று ஞானத்தாய்க்குச் சொல்ல, சும்மா வா, எப்போதும் வா, பூக் கொண்டு வராதே, அது பிள்ளைகளுக்குரியது என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மா வழக்கத்தில் வலு கண்டிப்பு.

"பூச்சட்டி மேசையில இருக்கு அம்மா. என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

இங்கே கொண்டுவா, சாமிக்கு வைக்கிறேன் என்றேன். சரி என்றாள். கொண்டுவரவில்லை.

திங்கட்கிழமை லைனில் என் கை பறந்தது. இருபத்தேழு பாண் வந்த வீட்டுக்கு இனி ஒன்றும் வராது. நான் ஒன்றும் செய்யாமலே வென்றுவிட்டேன். செவ்வாயும் நல்லாக இருந்தது. புதன்கிழமைதான் ஏதோ மாதிரி இருந்தது. பாண் கொடுக்கிற இடம் அந்த அம்மா எழும்பிப் போன கதிரை மாதிரி வெறுமையாகக் கிடந்தது. அது சும்மா கிடக்கட்டும் என்று என்னால் விட முடியவில்லை. போய் அதில் இருக்கவேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை காலையில் மா குழைத்தேன்.

யாரிடமும் கேட்கவில்லை. இருபத்தேழு வருடம் அந்தப் பாண் என் சமையலறையில் கிடந்திருக்கிறது. அதன் பாரம் எனக்குத் தெரியும். நிறம் தெரியும். அவரது குசினியில் வெங்காயத் தோலைச் சேர்த்து வைப்பார், அதில் முட்டை அவித்தால் செம்மண் நிறம் வரும். அதுவும் தெரியும். மா, பால், பட்டர், சீனி, ஈஸ்ற், கறுவா. பெருஞ்சீரகத்தை எடுத்துச் சட்டியில் போட்டு, நிறம் மாறும் வரைக்கும் வறுத்து, இடித்துப் போட்டேன். மாவைப் பொங்க விடும்போது அவர் கையால் சிலுவை போடுவார். எனக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. கையை மாவில் வைத்துப் பிள்ளையாரே என்றேன்.

மனுசன் வந்து எட்டிப் பார்த்தார்.

"கடையில விக்கிறாங்களெல்லோ."

கடைப் பாண் இல்லை இது என்றேன். அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்கவேண்டும். திரும்பிப் போய் ரீவி பார்த்தார்.

மா பொங்கிக்கொண்டு இருக்கும்போது மகள் போன் எடுத்தாள். நாளைக்கு மத்தியானம் சாப்பிட வருகிறார்கள் என்று எனக்கு முதலே தெரியும். அதற்குத்தானே பாண். இப்போது புதிதாக ஒன்று சொன்னாள். மத்ரீஞா ஈஸ்ரருக்குத் தனிய இருக்கிறாராம், அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். மத்ரீஞா என்றால் அவர்களின் பாசையில் ஞானத்தாய். அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

ம் என்றேன். போனில் மா ஒட்டியிருந்தது.

பாணை ஒளித்துவைக்கலாம். யோசித்தேன். அலுமாரியில் இடமும் பார்த்தேன். பிறகு ஒளிக்கவில்லை. என் வீடு. என் மகள்.

ஞாயிறு மத்தியானம் மருமகனின் காரில் வந்தார்கள். அந்த அம்மாவின் கையில் ஒரு பை தோடம்பழம் மட்டும் இருந்தது. துணிப் பொட்டலம் இல்லை. நான் முதலில் பார்த்தது அதைத்தான். சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தேன். சாப்பிட்டார்கள். கோப்பைகளை எடுத்துவிட்டு, பாணைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். மகளைப் பார்த்து, உனக்குத்தான் என்றேன்.

மகள் பாணைப் பார்த்தாள். பிறகு போர்த்துக்கேய அம்மாவைப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டார். பாணைத் தூக்கித் திருப்பினார். அடியில் மடக்கிய விரல் கணுவால் தட்டிக் காதைக் கொடுத்தார். ஒரு தரம் தலையை ஆட்டினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பிறகு மூக்கருகே கொண்டுபோனார். அங்கேயே பிடித்துக்கொண்டு இருந்தார்.

மருமகனுக்கும் மணம் எட்டிவிட்டது. "மாமி, மிச்சக் கறியை எடுக்க வேண்டாம். உதுக்குத் தொட்டுச் சாப்பிடலாம் போல கிடக்கு," என்றார்.

"நேற்று முழுக்க வீடு மிளகாய்த்தூள் இடிக்கிற மில் மாதிரித்தான் மணந்தது தம்பி," என்றார் மனுசன்.

போர்த்துக்கேய அம்மா மகளிடம் ஏதோ கேட்டார்.

"பெருஞ்சீரகம் வறுத்ததோ எண்டு கேக்கிறா அம்மா."

ஓம் என்றேன்.

"ஏன் வறுத்தனீங்களாம்?"

"வறுக்காமல் என்னெண்டு போடுறது? பச்சை மணமெல்லோ மணக்கும்."

மகள் அதைச் சொன்னாள். அவர் சிரித்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துச் சிரித்தார். மகளும் சேர்ந்து சிரித்தாள். முந்தி மேலேயிருந்து கேட்ட அதே சிரிப்பு. நான் மேசை விரிப்பின் பூக்களை எண்ணினேன்.

சிரிப்பு முடிய அவர் கொஞ்ச நேரம் பேசினார். மெல்லமாகத்தான் பேசினார். மகள் கேட்டுக்கொண்டு இருந்தாள். எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை.

என்னவாம் என்றேன்.

"ஒண்டுமில்லை அம்மா."

"சொல்லு."

"தாய் ஃபோலார் குடுக்கிறேல்லையாம். அது ஞானத்தாயின்ர வேலையாம்."

"வேற?"

அவள் தயங்கினாள். அவர் அவளின் கையைத் தட்டிச் சொல்லச் சொன்னார்.

"வருசத்தில தனக்கு ஒரு நாள்தானாம். மிச்சம் முழுக்க உங்களுக்காம். இந்த ஒரு நாளும் உங்களுக்கு வேணுமோ எண்டு கேக்கிறா."

மனுசன் தண்ணீர்க் கிளாசை எடுத்தார். குடிக்காமல் வைத்திருந்தார். மருமகன் மேசையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். மரியாதைக்கு அப்படித்தான் சொல்லவேண்டும். ஆனால் அந்த மனுசி நேராகக் கேட்டார்.

"ஓம், வேணும் எண்டு சொல்லு," என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். சொன்னாள். அவருக்குக் கோபம் வரவில்லை. முன்னமே தெரிந்த விசயம் மாதிரித் தலையை ஆட்டினார். பிறகு கையை நீட்டி மகளின் தலைமயிரைத் தொட்டார். இப்போது அது தோள்வரைக்கும்தான். தலையைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டி, என்னைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒவ்வொரு நாளும் பின்னலை அவிட்டனீங்களாம். அவவுக்குக் கோவமாம். இன்னும் கோவமாம்."

"எனக்குத் தெரியும் எண்டு சொல்லு."

"வட் பின்னல்?" என்றாள் மகள். "அம்மா, என்ன பின்னல்?"

நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை.

அவர் கத்தியை எடுத்தார். பிடியை என் பக்கம் திருப்பி மேசையில் தள்ளிவிட்டார். நான் வெட்டினேன். மேல்தோல் கொஞ்சம் முறுகிப் போயிருந்தது. உள்ளே வெந்திருந்தது. முட்டையை மகள் தோண்டி எடுத்துத் தகப்பனுக்குக் கொடுத்தாள். அதில் மாற்றம் இல்லை.

இந்த முறை அவள் ஜக்கெற் கழற்றியிருந்தாள். கதிரையில் இருந்து சாப்பிட்டாள். ஒரு துண்டு. மென்றுகொண்டு தலையைச் சரித்தாள். கறி மாதிரியும் இருக்கு, ஃபோலார் மாதிரியும் இருக்கு என்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள். மருமகன் உண்மையாகவே கறி தொட்டுச் சாப்பிட்டார். மனுசன் முட்டையை உப்பில் தொட்டார். போர்த்துக்கேய அம்மா தன் துண்டை மூக்கில் வைத்து வைத்து மெல்ல மெல்லச் சாப்பிட்டார். நான் ஒருவரையும் பார்க்கவில்லை. மகளின் கையை மட்டும் பார்த்தேன்.

அவள் மூன்றாவது துண்டை எடுத்தாள்.

நடுவால் பிய்த்தாள். ஒரு பாதியைப் போர்த்துக்கேய அம்மாவின் தட்டில் வைத்தாள். மற்றப் பாதியைச் சாப்பிட்டாள். கையைத் துடைத்தாள். பிறகு எடுக்கவில்லை.

இரண்டரை.